பியூகிள்காரரின் ஆங்கிலம்

அமெரிக்கக் குதிரைப்படை முகாமில் பியூகிள்தான் கடிகாரம். எழுப்ப, குதிரைக்குத் தண்ணி காட்ட, உடம்பு தேய்த்துவிட, சேணம் பூட்ட, விளக்கணைக்க, எல்லாத்துக்கும் தனித்தனி மெட்டு. அதில் வால்வு கிடையாது. உதட்டின் இறுக்கத்தால் வரும் ஐந்தாறு சுரங்களுக்குள்தான் அத்தனை உத்தரவும். பொறியாளனாக அந்தச் சிக்கனம் எனக்குப் பிடிக்கும். அதைவிட, ஆங்கிலம் சரியாக வராத ஜெர்மானிய, இத்தாலியக் குடியேறிகளுக்கும் அது புரிந்தது என்பது.

1876 ஜூனில் லக்கோட்டா, ஷையேன் மக்களைத் தேடிப் போன ஏழாம் குதிரைப்படையில், சத்தம் காட்டிக் கொடுத்துவிடும் என்று கஸ்டர் பியூகிளை நிறுத்திவைத்தார். ஜூன் 25, லிட்டில் பிக்ஹார்ன். பின்னால் வரும் படையை அழைக்க அனுப்பப்பட்டவர் ஒரு பியூகிள்காரர்: ஜான் மார்ட்டின், இத்தாலியில் ஜோவான்னி மார்ட்டினி. அவருடைய ஆங்கிலத்தை நம்பாமல், அதிகாரி ஒருவர் செய்தியைத் தாளில் கிறுக்கிக் கொடுத்தார். கஸ்டரோடு இருந்த இருநூற்றுச் சொச்சம் பேரும் செத்தார்கள். தாளோடு போன மார்ட்டின் 1922 வரை இருந்தார்.