பரிசுப் பணமும் பதிவேடும்

"வாருங்கள் எங்கள் வங்கிக்கு! இருக்கும் வங்கியை விட்டு வாருங்கள்! வந்தோர்க்கு 150 பவுன், 200 பவுன்!" இப்படிக் கூவி அழைக்கின்றன பிரிட்டன் நாட்டு வங்கிகள். பளிங்குத் தூண்களுக்குப் பின்னே அமர்ந்து, வாயிற்படி ஏறும் ஏழையை ஏற இறங்கப் பார்த்த சீமான்கள், இன்று சந்தைக் கடைக்காரனைப்போலக் கூவுகிறார்கள். காலம் செய்த கோலம் என்போர் கூறட்டும். சட்டம் செய்த கோலம் என்பதே நாம் அறிந்தது.

அழைப்பொலியோடு ஓர் அச்சக்குரலும் சேர்ந்தே கேட்கிறது. வங்கி விட்டு வங்கி தாவாதே, தாவினால் உன் கடன் பதிவேடு கெடும், நாளை வீடு வாங்கக் கடன் கேட்டால் கதவு சாத்தப்படும் என்கிறது அக்குரல். எந்த ஏடு? எழுதியவர் யார்? எதை எழுதுகிறார்? தலையெழுத்து என்று சொன்னபோதே, எழுதியவன் எவன் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த எழுத்தையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

தமிழிலே நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கும், காசு வாங்கியவனின் நேர்மையையும் குறிக்கும். ஆங்கில வணிகர்க்கு அந்த வாய்ப்பில்லை. ஆகவேதான் காசுக்கு ஒரு பெட்டியும் நேர்மைக்கு ஓர் ஏடும் வைத்தனர் போலும்! 1776ஆம் ஆண்டிலேயே, ஏய்ப்போரிடமிருந்து வணிகத்தைக் காப்பதற்கென இலண்டனில் ஒரு சங்கம் அமைந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தையற்காரர்கள் கூடி, உடை தைத்துக்கொண்டு பணம் கொடாத வாடிக்கையாளரின் பெயர்களைத் தமக்குள் பரிமாறிக்கொண்டனர். ஊசி பிடித்த உழைப்பாளி, கோட்டணிந்த கனவானைப் பற்றிக் குறிப்பெழுதினான்! 1826இல் மான்செஸ்டர் நகரில் எழுந்த வணிகக் காப்புச் சங்கமோ, கடன் திருப்பாதவர் பட்டியலை உறுப்பினர்க்கு அனுப்புவதையே தொழிலாகக் கொண்டது.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் இதே தேவை எழுந்தது. 1837இல் அமெரிக்காவைத் தாக்கிய பொருளாதார நெருக்கடியில் நொடித்த பட்டு வணிகர் லூயிஸ் டாப்பன், 1841இல் நியூயார்க்கில் வணிகர்களின் நிலையறிந்து கூறும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். யார் இந்த டாப்பன்? அடிமை முறையை எதிர்த்தவர். அமிஸ்டாட் கப்பலிலிருந்து சிறைபிடிக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் விடுதலைக்காகக் குழு அமைத்துப் போராடியவர். அத்தகையவர் திறந்த ஏட்டுக்கு ஊர்தோறும் இருந்த வழக்கறிஞர்கள் எழுதி அனுப்பியது என்ன? சொத்து இவ்வளவு, கடன் இவ்வளவு என்பதோடு நிற்கவில்லை. குடிப்பவனா, மணமானவனா, ஒழுக்கம் எப்படி என்றும் எழுதினர். யூதன் என்று எழுதினர். எழுதிவிட்டு, அதையே ஐயத்துக்குக் காரணமாகவும் காட்டினர். அடிமைச் சங்கிலியை வெறுத்தவர் தொடங்கிய ஏட்டிலேயே பிறப்பு புகுந்துகொண்டது! அந்த ஏடுகள் 2,500 தொகுதிகளுக்கு மேல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கின்றன.

பிரிட்டனில் ஏடு கணிப்பொறிக்குள் நுழைந்தபோது, பிறப்பின் இடத்தில் வீடு வந்து அமர்ந்தது. அஞ்சல்வழி விற்பனையில் பெயர்பெற்ற குழுமம் ஒன்று 1980இல் நாட்டிங்காம் நகரில் சி.சி.என். நிறுவனத்தைத் தொடங்கிற்று, எக்ஸ்பீரியன் என்று உலகம் இன்று அறிவது அதன் வழிவந்ததே. ஒருவன் கடன் கேட்டால், அவன் முகவரியில் வாழ்ந்த பிறரின் கடன் விவரங்களையும் எடுத்துக் கொடுத்தனர், முன்பு குடியிருந்து போனவர் உட்பட! முன்குடியிருந்தவன் பாவம் பின்குடியேறியவன் தலையில்! முற்பிறவி வினைப்பயன் என்று நம்மூரில் கதையளந்தார்களே, அதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? 1991இல் தரவுக் காப்புத் தீர்ப்பாயம் இது நேர்மையன்று எனக் கூறிய பிறகே அதற்குக் கடிவாளம் விழுந்தது. பெண்ணின் நிலையோ இன்னும் கொடிது. 1975ஆம் ஆண்டுப் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வரும்வரை, சொந்தக் காலில் நின்று சம்பாதித்தவளிடமும், தந்தையோ கணவனோ பிணை நிற்கட்டும் என்று கேட்க முடிந்தது.

இனிப் பரிசின் கதை. 1983இல் நாட்வெஸ்ட் வங்கி, கணக்குத் தொடங்கும் சிறுவர்களுக்குப் பீங்கான் பன்றி உண்டியல்களைக் கொடுத்தது. ஐந்து பன்றிகள் கொண்ட குடும்பம். சேமிப்பு உயர உயரத்தான் அடுத்த பன்றி! 1984இல் மிட்லண்டு வங்கி, இருப்புள்ள கணக்குக்குக் கட்டணமில்லை என்று அறிவித்தது. இவையெல்லாம் உள்ளே இழுக்க. வெளியே போக வழி? பிள்ளைப் பருவத்தில் நுழைந்த வங்கியிலேயே முதுமைவரை கிடந்தோர் பலர். 2008 நெருக்கடிக்குப் பின் அமைந்த விக்கர்ஸ் ஆணையம் 2011இல், மாறும் வழியை எளிதாக்குக என்றது. 2013 செப்டம்பரில் கணக்கு மாற்றச் சேவை வந்தது. 7 வேலை நாளில் இருப்பும், திங்கள்தோறும் செல்லும் கட்டணங்களும் புதிய கணக்குக்கு மாறும், பழையது மூடப்படும், மாற்றத்திலே தவறு நேர்ந்து தண்டம் விழுந்தால் வங்கி ஈடுசெய்யும். 1 கோடிக்கு மேற்பட்ட மாற்றங்கள் இவ்வழியே நடந்துவிட்டன. கதவு திறந்ததும்தான் கூவலும் ஓங்கிற்று.

ஏட்டிலே பதிவது என்ன? புதிய வங்கி, கணக்குத் தருமுன் விண்ணப்பித்தவரின் பதிவேட்டைப் புரட்டுகிறது. புரட்டிய தடம் அங்கே நிற்கிறது. ஓராண்டளவும், சில இடங்களில் அதற்கு மேலும், கடன் கொடுக்கும் பிறர் அதைக் காணலாம். ஒரு தடம் ஒருவனைக் கவிழ்த்துவிடாது. பரிசு பரிசென்று ஆறு மாதத்தில் நான்கு வங்கிகள் ஏறி இறங்கினால், இவனுக்குப் பணமுடை போலும் என்று கருத இடமுண்டு. நெடுநாள் கணக்கை மூடும்போது, நிலையாக நின்றவன் என்ற சான்றும் சற்றே இளைக்கும். ஆனால் மூடிய கணக்கின் விவரம் 6 ஆண்டு நிற்கும். ஒழுங்காக நடந்த கணக்கானால் அது அவனுக்கே சாட்சி. விரைவில் வீட்டுக்கடன் கேட்கவிருப்பவர் சில மாதம் பொறுப்பது அறிவுடைமை. மற்றவர் நடுங்கத் தேவையில்லை. பழைய கணக்கில் மிகைப்பற்று வைத்திருப்பவர், அது தானாகப் புதிய இடத்துக்கு வராது, புதிய வங்கி தனியே இசையவேண்டும் என்பதை அறிந்து மாறுவது நல்லது.

நம் நெஞ்சை உறுத்துவது வேறு. திங்கள்தோறும் ஆயிரம் பவுனோ அதற்கு மேலோ கணக்கில் விழவேண்டும், நிலையான கட்டணங்கள் இரண்டு அதிலிருந்து செல்லவேண்டும் என்பன பரிசுக்கு வழக்கமான விதிகள். வாரந்தோறும் கூலி ஏறி இறங்கும் தொழிலாளி அந்த வாயிலிலே நிற்கக்கூட முடியாது. பதிவேடு மெலிந்தவனுக்கு அடிப்படைக் கணக்கு கிடைக்கும். பரிசு பெரும்பாலும் கிடைக்காது. தாவி வருவோருக்கு அள்ளித்தரும் பணம் எங்கிருந்து வருகிறது? தாவாமல் கிடப்பவரின் வைப்புக்குக் குறைந்த வட்டி, முடையில் தவிப்பவரின் மிகைப்பற்றுக்குக் கூடிய வட்டி. அந்த வருவாயும் சேர்ந்துதானே பரிசாகிறது!

அந்த ஏட்டைப் படிக்கும் உரிமையேனும் மக்களுக்கு உண்டா? எழுதியவரும், விலை கொடுத்து வாங்கியவருமே படித்துவந்தனர். வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதிலே ஈயத்தை ஊற்றச் சொன்ன தர்ம சூத்திரத்தை அறிந்த நமக்கு, ஏட்டைப் பூட்டிவைப்பது புதுமையன்று. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம் அந்தப் பூட்டை உடைத்தது. தன்னைப் பற்றி எழுதியதைத் தானே படிக்கலாம் என்றாயிற்று. பல்லாண்டுகள் 2 பவுன் கட்டணம் இருந்தது, 2018 மே முதல் அதுவும் இல்லை. பிழை கண்டால் திருத்தக் கேட்கலாம். நிறுவனம் திருத்த மறுத்தால், தன் தரப்பைத் தானே எழுதி அந்தப் பதிவேட்டிலேயே சேர்க்கச் செய்யலாம். அதற்குச் சட்டம் ஒதுக்கிய இடம் 200 சொற்கள்.