வெய்ல் மலை: தடங்களும் சீசன் பாஸும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வெய்ல் பனிச்சறுக்குத் தலம் 1962 டிசம்பரில் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் மலைப்படை வீரராக இத்தாலியில் படுகாயமடைந்த பீட் சீபர்ட், எர்ல் ஈட்டனுடன் சேர்ந்து அதை உருவாக்கினார். தொடக்கத்தில் நாள் கட்டணம் 5 டாலர்.

சறுக்குத் தடங்கள் பெரும்பாலும் மத்திய அரசின் வன நிலத்தில் உள்ளவை. ஆகவே விரிவாக்கத்துக்கு வனத்துறையின் அனுமதி தேவை. 1990களில் தெற்குக் காட்டுக்குள் புதுத் தடங்கள் திட்டமிடப்பட்டபோது, அது லின்க்ஸ் காட்டுப்பூனையின் வாழிடம் என்று சூழலியலாளர்கள் நீதிமன்றம் சென்று தோற்றனர். 1998 அக்டோபரில் விரிவாக்கத்தை எதிர்த்த தீவிரக் குழு ஒன்று மலைமேல் இருந்த கட்டடங்களுக்குத் தீ வைத்தது. சேதம் சுமார் 1.2 கோடி டாலர். பூனைக்காகப் பேசியவர்களின் நியாயமான வாதத்தையும் அந்தத் தீ பின்னுக்குத் தள்ளிவிட்டது. 2000 ஜனவரியில் அந்தப் புதுத் தடங்கள் 'புளூ ஸ்கை பேசின்' என்ற பெயரில் திறக்கப்பட்டன.

பனிக்காலம் முழுவதும் சறுக்க உதவும் சீசன் பாஸின் விலையில் திருப்பம் வேறொரு மாநிலத்தில் தொடங்கியது. 1998-இல் ஐடஹோவின் போகஸ் பேசின் பனிச்சறுக்குத் தலம் தன் சீசன் பாஸை 199 டாலருக்கு விற்றது. கொலராடோ தலங்களும் விலைப் போட்டியில் இறங்கின. 2008-இல் வெய்ல் நிறுவனம் பல தலங்களுக்கும் செல்லும் 'எபிக் பாஸ்' ஒன்றை 579 டாலருக்கு அறிமுகப்படுத்தியது. பனிக்காலத்துக்கு முன்பே வாங்கிவிட வேண்டும் என்பதே நிபந்தனை. இதனால் பனி பொய்த்தாலும் நிறுவனத்துக்குப் பணம் வந்துவிடும். அந்த அபாயம் வாங்குபவர் தலையில் விழுந்தது. 2018-இல் போட்டியாக 'ஐகான் பாஸ்' வந்தது. 2021-இல் எபிக் பாஸின் விலை 20 சதவீதம் குறைக்கப்பட்டது. ஒருநாள் சீட்டோ உச்சப் பருவத்தில் 300 டாலரைத் தாண்டிவிட்டது.