உறுப்பினரா, சாமாஜிகரா?
எம்.எல்.ஏ. என்ற மூன்றெழுத்துக்குள் இருக்கும் சொற்கள்

ஏலக்காய் வியாபாரிக்கு ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது புதிதல்ல. தமிழில் காயும் ஏலம், கூறி விற்பதும் ஏலம். மலையாளத்திலோ காய் ஏலம், விற்பது லேலம். ஓர் எழுத்து கூடினால் சரக்கு வியாபாரமாகிவிடும். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வண்டன்மேட்டுக்கு வந்து கடை வைத்த எனக்குச் சொல்லாராய்ச்சி ஆசை பிடித்தது இப்படித்தான். நான் கல்லூரி வாசல் மிதித்தவனல்லன். கடையில் வியாபாரம் ஓய்ந்த வேளையில் படித்ததும் பத்து பேரிடம் கேட்டதும்தான் என் மூலதனம். இம்மலரில் நான் எடுத்துக்கொண்ட சொல், நாம் ஓட்டுப் போட்டு அனுப்பும் மனிதருக்கு நாம் வைத்திருக்கும் பெயர்.

பேச்சில் எல்லாருக்கும் அவர் எம்.எல்.ஏ.தான். எழுத்தில் வந்தால் தமிழில் 'சட்டமன்ற உறுப்பினர்', மலையாளத்தில் 'நியமசபாங்கம்' அல்லது 'சாமாஜிகன்'. மலையாளப் பத்திரிகை படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் பழக்கம். நம் பெரியவர்களுக்கு இரண்டும் குழப்பம்.

நியமசபையும் சட்டசபையும்

தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "நியமசபைன்னா, கவர்மெண்டு நியமிச்ச ஆளுங்க இருக்கிற சபையா முதலாளி?" சிரிக்க வேண்டிய கேள்வியல்ல. தமிழில் நியமனம் என்றால் வேலைக்கு வைப்பது. மலையாளத்தில் நியமம் என்றால் சட்டம். அங்கே 'சட்டம்' என்பது நாம் 'விதி' என்று சொல்வது. ஆகவே நியமசபை என்பது நேராக நம் சட்டசபையேதான். ஆனால் பெரியவர் சொன்னதிலும் ஓர் உண்மை உண்டு. கேரள சபையில் தேர்தலில் வந்தவர்கள் 140 பேர் என்றால், ஆங்கிலோ இந்தியர் சார்பில் ஒருவரை நியமிக்கும் முறையும் இருந்தது. 2020 ஜனவரியில் அம்முறை அரசியல் சட்டத் திருத்தத்தால் நின்றுபோயிற்று.

வியாபாரி என்ற முறையில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று. சங்கத் தமிழில் நியமம் என்றால் கடைவீதி. மதுரைக்காஞ்சியில் மதுரையின் பெரிய அங்காடிகளுக்கு அப்பெயர் வருகிறது. பேரம் நடக்கும் இடத்தின் பெயரும் சட்டம் செய்யும் இடத்தின் பெயரும் ஒன்றாக அமைந்ததைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்.

மூன்று மொழியில் ஒரே உடம்பு

'உறுப்பினர்' என்பது உறுப்பு என்பதிலிருந்து வந்தது. கை, கால், கண் எல்லாம் உறுப்பு. மலையாள 'அங்கம்' என்பதும் அதே பொருள். நம் தாத்தாக்கள் காலத்துத் தமிழில் 'அங்கத்தினர்' என்றே எழுதினார்கள். இலங்கைத் தமிழர் எழுத்தில் 'அங்கத்தவர்' என்று வரும். வேடிக்கை என்னவென்றால், 'மெம்பர்' என்ற ஆங்கிலச் சொல்லும் உடலுறுப்பு என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் வழி வந்ததுதான். நாம் வார்டு மெம்பர் என்று கூப்பிடும்போதும் உறுப்பே என்றுதான் கூப்பிடுகிறோம்.

இது நமக்கு அந்நியக் கருத்தன்று. படை, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண் என்று அரசுக்கு ஆறு அங்கம் வகுத்தவர் வள்ளுவர். எங்கள் சமண மரபில் ஆகமங்களையே அங்கம் என்பார்கள். அங்கம் என்றால் தனியாக நிற்காதது, முழு உடம்போடு சேர்ந்தால்தான் உயிருள்ளது. அப்படியானால் உறுப்பினர் யாருடைய உறுப்பு? சபையின் உறுப்பு என்பது சட்டத்தின் விடை. அனுப்பிய ஊரின் உறுப்பு என்பது நம் விடை. இரண்டில் எதை மறந்தாலும் அந்த உறுப்பு வாதம் வந்தது போலத்தான்.

பார்வையாளரான சாமாஜிகர்

'சாமாஜிகன்' சமாஜத்திலிருந்து வந்த சொல். சமாஜம் என்றால் கூட்டம். வடமொழி நாடக நூலார் கூத்தைப் பார்த்துச் சுவைக்கும் சபையோரைச் சாமாஜிகர் என்றார்கள். ஒரு காலத்தில் பார்த்துக்கொண்டிருந்தவரின் பெயர், இன்று நாம் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு வந்துவிட்டது! சபைக்குப் போயும் வெறுமனே பார்த்துவிட்டு வருபவரைச் சாமாஜிகர் என்றால், பழைய பொருளில் பிழையே இல்லை.

கணக்குக் காட்டாதவர் வேண்டாம்

தமிழில் இன்னும் பழைய சொல் 'வாரியம்'. இன்று மின்வாரியம், குடிநீர் வாரியம் என்கிறோம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் இவற்றுக்கு ஆளெடுத்த முறையைச் சொல்கின்றன. 30 குடும்புகள் என்று பிரித்து, பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். வயது 35க்கு மேல் 70க்குள். சொந்த மனையில் வீடும், வரி கட்டும் நிலமும் வேண்டும். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரையும் அவர் நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் போடக் கூடாது. அது பிராமணர் சபைதான், ஊர் முழுதும் ஓட்டுப் போட்ட தேர்தலன்று. இருந்தாலும் கணக்குக் காட்டும் விதியை இன்றைக்கும் நாம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதே!

மலையிலிருந்து போனவர்கள்

நம் பக்கத்துச் சரித்திரத்திலும் இந்தச் சொல்லுக்குப் பங்கு உண்டு. திருவிதாங்கூரில் 1888இல் சட்ட ஆலோசனை சபையும், 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையும் வந்தன. 1956 நவம்பர் 1இல் எல்லை பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு சென்னை ராஜ்யத்துக்குப் போக, தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. மறு வருஷம் நடந்த முதல் தேர்தலில் தேவிகுளத்திலிருந்து வென்ற ரோசம்மா புன்னூஸ்தான் கேரள சபையில் முதலாவதாக உறுதிமொழி எடுத்தவர். அத்தேர்தல் செல்லாதென்று ஆகி 1958இல் இடைத்தேர்தல் வந்தபோது, பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் தமிழில் பாட்டுப் பாடி அவருக்கு ஓட்டுக் கேட்டார். தமிழ்க் காதுக்குத் தமிழில் சொன்னால்தான் ஏறும் என்று கட்சிக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே தேவிகுளத்தில் 2021இல் வென்ற ஏ. ராஜா, மே 24 அன்று தமிழிலேயே உறுதிமொழி எடுத்தார். நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்தத் தமிழ் வாசகத்தில் 'கடவுள் பெயரால்' என்றோ 'உளமார' என்றோ வர வேண்டிய பகுதி விட்டுப்போயிருந்தது. ஜூன் 2 அன்று அவர் மறுபடியும் உறுதிமொழி எடுக்க நேர்ந்தது. முறைப்படி உறுதிமொழி எடுக்காமல் சபையில் உட்கார்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்கிறது அரசியல் சட்டத்தின் 193ஆம் பிரிவு. அந்தக் கேள்வியும் சபையில் எழுந்தது. ஒரு சொல் விடுபட்டால் ஓர் உறுப்பினர் உறுப்பினரா என்பதே கேள்வியாகிவிடுகிறது. தமிழில் சொல்வது மட்டும் போதாது, தமிழைச் சரியாகச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் நம் வீட்டுப் பிள்ளைகளிலிருந்துதான் வர வேண்டும்.

கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம், தமிழ் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் கடிதம் எழுத இடம் கொடுத்திருக்கிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. மனு எழுதத்தான் கை இல்லை. பிள்ளைகள் மலையாளம் நன்றாகப் படிக்கட்டும், அது சோறு போடும் மொழி. கூடவே ஒரு மனுவைப் பிழையில்லாமல் தமிழில் எழுதவும் கற்கட்டும். நம் சங்கத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கென்று ஒதுக்கினால், கரும்பலகையும் சாக்குக்கட்டியும் என் பொறுப்பு.

உறுப்பினர் என்ற சொல்லில் உடம்பு நாம்தான். உடம்பு பேசாமல் கிடந்தால் உறுப்பு என்ன செய்யும்?