வடுவும் வாக்குமூலமும்

1983ஆம் ஆண்டின் பின்னர் எங்கள் அளவெட்டியினின்றும் கடல் கடந்தோர் பலர். அயல்நாட்டில் அடைக்கலம் வேண்டுவோர் தம் துன்பத்தைத் தாமே மெய்ப்பித்தல் வேண்டும். உடலின் வடுவைக் கண் காணும். உள்ளத்தின் வடுவை யார் காண்பர்? சித்திரவதையுற்றவர் நாளும் நிகழ்வும் மாற்றியுரைக்கக் கூடும். அது பொய்யாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. 1999இல் ஐக்கிய நாடுகள் சபையிடம் அளிக்கப்பெற்ற இஸ்தான்புல் நெறிமுறை, உடற்சோதனையோடு உளச்சோதனைக்கும் வழி வகுத்தது.

இலங்கைத் தமிழர் ஒருவரின் தழும்புகள் அவரது இசைவோடு பிறர் இட்டவையென்று கருதி, பிரித்தானியத் தீர்ப்பாயம் அவரது முறையீட்டைத் தள்ளியது. அவ்வாறு தம்மை வருத்திக்கொள்வோர் மிக அரியர் என்பதை உரியவாறு எண்ணுதல் வேண்டுமென்று கூறி, 2019 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்குப் பணித்தது. ஐயுறுதல் எளிது, ஆராய்ந்து தெளிதலே நீதி.