வண்டி ஒன்று, வேடம் பல

திருவிழாக் காலத்தில் உற்சவ மூர்த்தி ஒரு நாள் அன்னத்தின் மீதும், ஒரு நாள் யானையின் மீதும், மற்றொரு நாள் குதிரையின் மீதும் எழுந்தருளுகிறார். மூர்த்தி ஒருவரே, வாகனந்தான் நாளுக்கு நாள் மாறுகிறது. இக்காலத்துக் கேளிக்கைப் பூங்காக்களில் இம்முறை தலைகீழாக நடைபெறுகின்றது. அங்கே வாகனம் ஒன்றே. அதன்மேல் ஏற்றப்படும் பெயரும், கதையும், வர்ணமுமே ஊருக்கு ஊர் மாறுகின்றன. விடுமுறை தோறும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மைசூர் சாலையில் பிடதி வரை போய்வரும் நம் காலனிக் குடும்பத்தினருக்கு இவ்வரலாறு சுவையாக இருக்கும். ஒருவாறு பயனும் தரும் என்று எண்ணி இதனை எழுதலானேன்.

இவ்வரலாறு இருப்புப்பாதையில் தொடங்குகிறது என்று கூறின், இரயில்வே குமாஸ்தா தன் இலாகாவின் பெருமையைப் பேசுகிறான் என்று சிலர் நகைக்கக் கூடும். ஆயினும் உண்மை அதுவே. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து மாக் சங்க் என்னும் ஊரில், நிலக்கரியை மலையிலிருந்து இறக்குவதற்காக 1827-ஆம் ஆண்டில் ஒரு சரிவுப் பாதை போடப்பட்டது. எஞ்சின் கிடையாது. கரி நிரம்பிய வண்டிகள் தம் பாரத்தாலேயே கீழே உருண்டு வரும். காலி வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துச் செல்லும். அக்கழுதைகளும் திரும்பி வருகையில் வண்டியிலேயே ஏறிச் சுகமாக இறங்கி வந்தன என்பது படிக்கச் சிரிப்பூட்டும் செய்தி. பின்னர் 1872-இல் வேறு வழியாகச் சுரங்கப்பாதை அமைந்து, கரி அவ்வழியே போகத் தொடங்கிற்று. பழைய பாதையோ காசு கொடுத்துச் சவாரி செய்ய வரும் உல்லாசப் பயணிகளுக்கென்றே ஆயிற்று.

இவ்வின்பத்தைச் சமவெளிக்குக் கொணர்ந்து வாணிபமாக்கியவர்களுள் முதன்மையானவர் லமார்க்கஸ் தாம்ஸன் என்பவர். 1884 ஜூன் மாதத்தில் நியூயார்க் நகரத்துக் கோனி தீவுக் கடற்கரையில் அவர் தமது ஸ்விட்ச்பேக் இரயில்வேயைத் திறந்தார். உயர்ந்த மேடையொன்றிலிருந்து அலையலையான மரப்பாதையில் வண்டி உருண்டு எதிர்மேடையை அடையும். பயணிகள் இறங்கி நிற்க, ஆட்கள் வண்டியை அடுத்த பாதைக்கு மாற்றி மேலேற்றுவர். பின்னர் அதிலேயே ஏறித் திரும்பலாம். கட்டணம் 5 சென்ட். வேகம் மணிக்குச் சுமார் 6 மைல். நமது மாட்டுவண்டி சற்று விரைந்தாற் போன்றது! ஆயினும் கூட்டம் அலைமோதிற்று.

பணம் பெருகும் இடத்தில் போட்டியும் பெருகுமன்றோ? இறங்கி ஏறும் தொல்லையின்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் வட்டப்பாதையை ஒருவர் அமைத்தார். பயணிகளோடு வண்டியை யந்திரத்தால் மேலேற்றும் முறையை 1885-இல் இன்னொருவர் கொணர்ந்தார். தாம்ஸன் கண்ட வண்டி இரண்டே ஆண்டுகளில் பழையதாகிவிட்டது. அப்பொழுது அவர் செய்ததுதான் நம் கட்டுரைக்கு உயிர்நாடி. 1887-இல் அட்லாண்டிக் ஸிட்டி என்னும் கடற்கரை நகரில் அவர் அமைத்த ஸீனிக் இரயில்வேயில், பாதையின் ஒரு பகுதியை இருட்டுக் குகைக்குள் நுழைத்து, குகைக்குள் சித்திரக் காட்சிகளை வைத்து, வண்டி நெருங்குங்கால் விளக்குகள் ஒளிரும்படி செய்தார். யந்திரத்தை எவரும் பார்த்துச் செய்துவிடலாம்; காட்சியே தமக்குரிய சொத்து என்பதை அவர் கண்டுகொண்டார். இன்று உலகெங்கும் நடப்பது, அன்று அவர் கண்ட வழியின் விரிவேயன்றி வேறில்லை.

இதில் இழிவு ஒன்றும் இருப்பதாக நான் கருதவில்லை. நம் நாடகக் கம்பெனிகளில் அரிச்சந்திரனின் அரண்மனைக்குத் தொங்கிய திரையே மறுநாள் தசரதனின் அரண்மனைக்கும் தொங்கும். அதனால் எவருடைய கண்ணீரும் குறைந்ததில்லை.

நிற்க. நமக்கு அண்மையிலுள்ள சான்றைப் பார்ப்போம். கொச்சியில் 2000-இல் வீகாலாந்து என்னும் பெயரில் தொடங்கிய நிறுவனத்தார், 2005-இல் பிடதி அருகே வொண்டர்லாவைத் திறந்தனர். 2016-இல் ஐதராபாத்தில் மற்றொன்று. பிடதியில் ‘ரீகாயில்’ என்றொரு ரோலர் கோஸ்டர் உண்டு. ஐதராபாத்திலும் அதே பெயரில் அதே வண்டி. ஹாலந்து நாட்டு வெக்கோமா கம்பெனியார் 1984-இல் முதன்முதலாக வெளியிட்ட ‘பூமராங்’ என்னும் மாதிரியைச் சேர்ந்தது அது. ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு, ஐம்பதுக்கு மேற்பட்ட வண்டிகளை அக்கம்பெனியார் உலகெங்கும் அமைத்துள்ளனர். அமெரிக்காவில் நியூஜெர்ஸிக் கடற்கரையில் அதன் பெயர் ‘கடல் அரவம்’.

அதன் போக்கு இரயில்வேக்காரருக்கு எளிதில் விளங்கும். வண்டியைப் பின்புறமாகச் சுமார் 116 அடி உயரத்துக்கு இழுத்துச் சென்று விட்டுவிடுவர். அது நிலையத்தினூடே பாய்ந்து, மூன்று இடங்களில் தலைகீழாகி, எதிர்ப்புறச் சரிவில் ஏறும். அங்கிருந்து மீண்டும் விடுபட்டு, வந்த வழியே பின்னோக்கி ஓடும். போகவும் வரவுமாக ஆறு முறை தலைகீழ். பாதையின் நீளமோ 935 அடிதான்! பம்பாய்–புனா மார்க்கத்தில் போர் காட் மலையில் 1863 முதல் 1929 வரை இருந்த ரிவர்ஸிங் ஸ்டேஷனில், இரயில் ஒரு முனையில் நின்று, மறு திசையில் திரும்பிப் புறப்படும். குறைந்த இடத்தில் நீண்ட ஓட்டம் காணும் உபாயம் அதுவும் இதுவும் ஒன்றே.

ஒரே வரைபடத்தில் பல வண்டிகள் பிறப்பது ஒருபுறமிருக்க, ஒரே வண்டி பல பிறவி எடுத்த கதையும் உண்டு. ஸ்விட்சர்லாந்து நாட்டுப் போலிகர், மாபிலார்ட் என்னும் இரு பொறியாளர்களின் கம்பெனி, தண்டவாளத்துக்குக் கீழே இருக்கைகள் தொங்கும் ரோலர் கோஸ்டரை 1992-இல் சிகாகோ நகருக்கு அருகே அமைத்தது. ‘பேட்மேன்’ என்பது அதன் பெயர். அதே மாதிரியில் ஜப்பானில் கோதெம்பா என்னும் ஊரில் 1995-இல் எழுந்த வண்டிக்குக் ‘காம்பிட்’ என்று பெயர். அப்பூங்கா மூடப்பட்ட பின் வண்டியைக் கழற்றிக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். 2003-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அது ‘பேட்மேன்’ ஆயிற்று. 2005 ஆகஸ்டில் வீசிய கத்ரீனாப் புயலில் அப்பூங்கா முழுவதும் நீரில் மூழ்கி, மீண்டும் திறக்கப்படாமலே போயிற்று. வண்டி மட்டும் பிழைத்தது. அதனைப் பெயர்த்தெடுத்து டெக்ஸாஸில் ஸான் அன்டோனியோ நகருக்குக் கொண்டுபோய் நிறுத்தினர். 2008 முதல் அதன் பெயர் ‘கோலியாத்’. மாற்றலுக்கு மேல் மாற்றலாகி ஊர் ஊராகக் குடிபெயரும் நம்மவர்க்கு இவ்வண்டியின் மீது ஒரு பரிவு பிறத்தல் இயல்பு.

டிஸ்னி நிறுவனத்தாரின் சாமர்த்தியம் இன்னும் நுட்பமானது. 1995-இல் கலிபோர்னியாவில் ‘இந்தியானா ஜோன்ஸ்’ சவாரியைத் திறந்தனர். பயணிகள் ஜீப் போன்ற வண்டியில் அமர்ந்து பாழடைந்த கோயிலொன்றுள் நுழைகின்றனர். கதைப்படி அக்கோயில் இருப்பது நமது இந்தியாவில்! 1998-இல் புளோரிடாவில் அநேகமாக அதே பாதையை, அதே வகை வண்டியை வைத்து டைனோஸர்களின் கதையைச் சொன்னார்கள். 2001-இல் டோக்கியோவில் மறுபடி ‘இந்தியானா ஜோன்ஸ்’. ஆனால் இம்முறை கோயில் மத்திய அமெரிக்காவில். பின்னர் 2024-இல், புளோரிடாவின் டைனோஸர்களை அகற்றிவிட்டு, அங்கும் ‘இந்தியானா ஜோன்ஸ்’ கதையையே ஏற்றப் போவதாக அறிவித்தனர்.

தமிழகத்துச் செய்திக்கு வருவோம். சென்னையை அடுத்த திருப்போரூர்ப் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லாவின் புதிய பூங்கா திறக்கப்பட்டது. மேற்சொன்ன ஸ்விஸ் கம்பெனியார் செய்த தொங்கும் ரோலர் கோஸ்டர் ஒன்று அங்கே நிற்கிறது. அதற்கு இட்ட பெயர் ‘தஞ்சோரா’. ஸ்விட்சர்லாந்தின் இரும்புக்குத் தஞ்சையின் பெயர்! இது கண்டு முகஞ்சுளிப்போர் பெரம்பூரை நினைத்துப் பார்க்கட்டும். 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய கோச் பாக்டரி, ஸ்விஸ் கம்பெனி ஒன்றின் வரைபடத்தைக் கொண்டே இரயில் பெட்டிகளைக் கட்டிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல், 2018 வரை, அவ்வகைப் பெட்டிகள் அங்கே பிறந்தன. அவற்றிலேறித்தான் நாம் சென்னைக்கும் பெங்களூருக்குமாகப் போய் வந்தோம். பிருந்தாவன், லால்பாக் என்று பெயர்ப்பலகையை மாட்டியதும் அவை நம் ஊர் வண்டிகள் ஆகிவிடவில்லையா? ஆகவே தஞ்சைப் பெயர் எனக்கு உவப்பே. கன்னட நாட்டில் வளரும் நம் குழந்தைகள், 1010-இல் முடிவுற்ற இராசராசன் கோயிலைக் காணுமுன் தஞ்சோராவில் தலைகீழாகத் தொங்கிவிடுவார்களே என்ற சிறு வருத்தம் மட்டும் உண்டு.

ஆனால் பெயர் மாற்றத்தில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. 2017 ஜூலை 26-ஆம் நாள் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பொருட்காட்சியில் ‘பயர் பால்’ என்னும் ஊசலாடும் ராட்டினம் ஓடுங்கால் ஒரு பகுதி உடைந்து வீழ்ந்தது. ஓர் இளைஞர் அங்கேயே மாண்டார், எழுவர் காயமுற்றனர். செய்தவர் கே.எம்.ஜி. என்னும் ஹாலந்துக் கம்பெனியார். வயது 18 ஆண்டுகள். அதே வகை ராட்டினங்கள் வெவ்வேறு பெயர்களுடன் வெவ்வேறு நாடுகளில் ஓடிக்கொண்டிருந்தன. ஏறி அமர்ந்தவர்களுக்கு அவை உடன்பிறப்புகள் என்பது எவ்வாறு தெரியும்? செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் உடனே அவற்றையெல்லாம் நிறுத்தும்படி சொன்னார்கள். இரும்புக் கையின் உட்புறத்தில், வெளியே தெரியாதவாறு, துரு மிகுதியாக அரித்திருந்ததே காரணம் என்று பின்னர் கண்டறிந்தனர். ஒன்றில் கண்ட குறையை மற்றவற்றிலும் தேட முடிந்தது, எல்லாம் ஒரே வரைபடம் ஆனமையால்.

நம் நாட்டிலும், 2019 ஜூலை 14-ஆம் நாள், அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரைப் பூங்காவில் ஊசல் ராட்டினம் ஒன்று அறுந்து வீழ்ந்து இருவர் உயிர் துறந்தனர், பலர் காயமடைந்தனர்.

இரயில் பெட்டியின் முனைச்சுவரில், கடைசியாகப் பட்டறையில் எப்பொழுது பிரித்துச் சோதித்தார்கள், மறுபடி எப்பொழுது பட்டறைக்குத் திரும்ப வேண்டும் என்னும் தேதிகள் வெள்ளை எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். பெட்டி எந்தப் பெயருள்ள வண்டியில் ஓடினும் அவ்வெழுத்து மாறாது. கார்த்திகை மாதம் பசவனகுடியில் கூடும் கடலைக்காய்ப் பரிஷையிலும், ஊர்ப் பொருட்காட்சிகளிலும் நிற்கும் ராட்டினங்களில் சிங்கமும் மயிலும் நடிகர்களும் வர்ணத்தில் பளபளக்கின்றனர். அடுத்த முறை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சீட்டு வாங்க நிற்கும்பொழுது, செய்தவர் பெயரும், செய்த ஆண்டும், கடைசியாகச் சோதித்த தேதியும் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்று ராட்டினக்காரரைக் கேளுங்கள். நான் கேட்பதுண்டு, சிலர் சிரிக்கிறார்கள், சிலர் காட்டுகிறார்கள்.