1033 பெயர்கள், ஒரு வாக்குச்சீட்டு

பயன்பாட்டு எளிமை என்றதும் இணையதளமும் செயலியும்தான் நினைவுக்கு வரும். நம்ம பக்கத்தில் அதற்கு ஒரு பழைய பாடம் இருக்கு. அது காகிதத்தில் நடந்தது.

1996 சட்டமன்றத் தேர்தல். மொடக்குறிச்சி அப்போது திருச்செங்கோடு மக்களவைத் தொகுதிக்குள் இருந்தது. அங்கே 1033 பேர் போட்டியிட்டார்கள். பெரும்பாலோர் விவசாயிகள். தங்கள் குறையை யாரும் காதில் வாங்கவில்லை என்பதைக் காட்டத்தான் மனு போட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. தேர்தலும் தள்ளிப்போனது. கடைசியில் ஜெயித்தவர் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன்.

இதற்கு முன் நம் தேர்தல் வடிவமைப்பு நன்றாகவே யோசித்திருந்தது. 1951-52இல் எழுத்தறிவு சுமார் 18 சதவீதம். அதனால் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேலே சின்னம். பெயரை வாசிக்கத் தெரியணும்னு இல்லை, சின்னத்தை அடையாளம் கண்டால் போதும். யாக்கோப் நீல்சன் 1994இல் தொகுத்த பத்து விதிகளில் இதுவும் ஒன்று: பயனரை நினைவுகூர வைக்காமல் அடையாளம் காண விடணும். பிறகு வந்த மின்னணு இயந்திரத்தில் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், பீப் சத்தம் வரும். இப்போது சீட்டும் 7 விநாடி தெரியுது. நடந்தது என்ன என்று பயனருக்குச் சொல், என்பது இன்னொரு விதி.

ஆனால் ஒரு வாக்கு அலகில் 16 வரிசைதான். பட்டியல் நீண்டால் என்ன செய்வது? 1996இலேயே சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5000 ஆனது. தேடல் பக்கம் திணறுதுன்னு நுழைவுக் கட்டணத்தை ஏற்றின மாதிரி. பட்டியல் சுருங்கியது உண்மை. பட்டியல் ஏன் நீண்டது என்ற கேள்வி அப்படியே நின்றது.

2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் அதே கேள்வி திரும்ப வந்தது. மக்களவை டெபாசிட் 25,000 ரூபாய். அப்படியும் 185 வேட்பாளர்கள், பெரும்பாலோர் விவசாயிகள். மஞ்சளுக்கு வாரியம் கேட்டு நின்றார்கள். ஒவ்வொரு சாவடியிலும் 12 வாக்கு அலகுகள் வைக்கப்பட்டன. தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் நிஜாமாபாத்திலேயே தொடங்கியது.

பயனர் ஒரு படிவத்தைத் தப்பாகப் பயன்படுத்துகிறார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மொடக்குறிச்சி விவசாயிகள் கையில் வேட்புமனு, புகார் மனுவாக மாறியது. புகார் சொல்ல வேறு இடம் ஒழுங்காக இருந்ததா என்றுதான் முதலில் பார்த்திருக்கணும்.