கூடங்குளத்து மின்சாரம், பெங்களூருவின் முடிவு: தென்மண்டல மின்சந்தையில் யாருக்கு இருக்கை?

வள்ளியூருக்குத் தெற்கே கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரு அணுஉலைகள் இயங்குகின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றில் முப்பந்தல் முதல் பணகுடி, இராதாபுரம் வரை காற்றாலைகள் சுழல்கின்றன. இந்த மின்சாரம் ஐந்து மாநிலங்களும் புதுச்சேரியும் பகிர்ந்துகொள்ளும் தென்மண்டல மின்தொகுப்பில் கலக்கிறது. அதைப் பங்கிடும் விதிகளை எழுதும் மேசையில் அமர்ந்திருப்பவர்கள் யார் என்ற கேள்விக்கு நம் இயக்கங்கள் இதுவரை போதிய கவனம் செலுத்தவில்லை.

முதலில் ஒதுக்கீடு. முதல் இரு உலைகளின் 2,000 மெகாவாட்டில் தமிழ்நாட்டுக்கு 925, கர்நாடகத்துக்கு 442, கேரளத்துக்கு 266, புதுச்சேரிக்கு 67 மெகாவாட் என ஒன்றிய அரசு ஒதுக்கியது. எஞ்சிய 300 மெகாவாட்டை, அதாவது 15 விழுக்காட்டை, தன் விருப்பப்படி வழங்கத் தன்னிடமே வைத்துக்கொண்டது. தமிழ்நாட்டு அரசியலில் மின்சாரம் குறித்த மாநில உரிமைப் பேச்சு பெரும்பாலும் இந்த எண்களோடு நின்றுவிடுகிறது. சென்னைக்கு வந்து சேர்ந்த பங்கு ஊருக்கும் சேரிக்கும் எப்படிப் போகிறது என்பது அந்தப் பேச்சில் இடம்பெறுவதில்லை.

ஒதுக்கீட்டுக்கு அடுத்தது அன்றாட இயக்கம். மின்சாரச் சட்டம், 2003, பிரிவு 27 மண்டல மின்சுமை பகிர்வு மையங்களை நிறுவுகிறது. தென்மண்டல மையம் பெங்களூருவில் உள்ளது. அதன் ஆணைகளுக்கு மாநிலங்கள் கட்டுப்பட்டாக வேண்டும் என்கிறது பிரிவு 29. தொகுப்பின் நிலைத்தன்மை, சிக்கனம், திறன் ஆகியவை குறித்து உடன்பாடு காணும் அதிகாரம் பிரிவு 29(4)இன்படி மண்டல மின்சாரக் குழுவுக்கு உரியது. 1964இல் தோன்றிய தென்மண்டல மின்சார வாரியத்தின் இடத்தில், ஒன்றிய அரசின் 2005ஆம் ஆண்டுத் தீர்மானத்தின்வழி இக்குழு வந்தது. இதுவும் பெங்களூருவில்தான் உள்ளது. மாநிலங்களுக்கிடையே யார் எவ்வளவு எடுத்தார்கள், யார் யாருக்குக் கடன்பட்டார்கள் என்ற கணக்கை வெளியிடுவது இதன் செயலகமே. குழு ஒருமனதாக எடுக்கும் இயக்க முடிவுகளைச் சுமை பகிர்வு மையம் பின்பற்ற வேண்டும்.

குழுவின் உறுப்பினர் பட்டியலைப் படித்துப் பாருங்கள். மத்திய மின்சார ஆணையத்தின் பிரதிநிதி, ஒன்றிய அரசின் மின்உற்பத்தி நிறுவனங்கள், மாநில உற்பத்தி, மின்செலுத்தல் நிறுவனங்களின் தலைவர்கள், 1,000 மெகாவாட்டுக்கு மேல் திறனுள்ள தனியார் உற்பத்தியாளர்கள், சுழற்சி முறையில் ஒரு மின்வணிகர். மின்சாரத்தை வாங்கி விற்று இலாபம் காண்பவருக்கு இருக்கை உண்டு. மின்நுகர்வோருக்கும், உழவருக்கும், தொழிலாளருக்கும், பட்டியல் சாதியினருக்கும் இல்லை.

இந்த இன்மைக்கு விலை உண்டு என்பதை 2012 காட்டியது. அன்று தென்மண்டலத் தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளோடு முழுமையாக இணையவில்லை. உயர் அழுத்த நேர்மின் இணைப்புகள் சிலவற்றின் வழியாக மட்டுமே வடக்கிலிருந்து மின்சாரம் வந்தது. பாதை நிரம்பியதால் பணம் கொடுத்தும் வாங்க இயலாத நிலை. தமிழ்நாட்டின் மாவட்டங்களில் நாளொன்றுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டிய மின்வெட்டு நாள்கள் பல. சென்னைக்கோ 2 மணி நேரம். பற்றாக்குறை தொகுப்பில் பிறந்தது; அதை யார் தலையில் இறக்குவது என்பது மனிதர் எடுத்த முடிவு. சேரிக்கெனத் தனி மேல்நிலைத் தொட்டி உள்ள ஊர்களில் மோட்டார் ஓடாத நாள் என்றால் தண்ணீர் இல்லாத நாள் என்று பொருள். அடுத்த தெருக் கிணற்றில் போய் இறைத்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை தென்மண்டலத்தைத் தேசியத் தொகுப்போடு ஒத்திசைத்த பிறகே இந்த நெருக்கடி படிப்படியாகத் தணிந்தது.

உற்பத்தியாளரின் நிலை வேறு. தமிழ்நாட்டில் சூரிய மின்நிலையங்களின் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னது தொகுப்பின் பாதுகாப்புக்காக அன்று என்று கண்ட மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், 2021 ஆகஸ்டில் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. தீர்ப்பு சரியானதே. ஆயினும் தொகுப்பு அளவிலான முடிவால் இருளில் கிடந்த குடியிருப்புக்கு அத்தகைய வழக்குமேடை நடைமுறையில் இல்லை.

மின்பாதைகளின் கதையும் இதுவே. ஒன்றிய மின்துறையின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி கோபுர அடிநிலத்துக்கு நிலமதிப்பில் 85 விழுக்காடும் கம்பிப் பாதைக்கு அதிகபட்சம் 15 விழுக்காடும் தரச் சொன்னது. 2024 ஜூனில் இவை 200, 30 விழுக்காடாக உயர்த்தப்பட்டன. இரண்டும் நிலவுடைமையாளருக்கே. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. நிலத்தில் அவர்களின் பங்கு அதற்கு வெகு கீழே. அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவருக்கு எந்த நெறியிலும் ஒரு வரி இல்லை.

பரிவர்த்தனை நிலையங்கள் 2008இல் தொடங்கின. அங்கு உயரும் விலை மின்கொள்முதல் செலவாகி, இறுதியில் கட்டணத்தில் வந்து சேர்கிறது. இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் ஏழை வீடுகள் ஓரளவு தப்பிக்கின்றன. சேரி முனையில் வணிக இணைப்பில் பெட்டிக்கடை நடத்தும் பெண்ணுக்கு அந்தக் காப்பு இல்லை.

மின்சாரம் யாருக்கு என்ற கேள்வியை இந்திய அரசின் கொள்கை மேசையில் முதலில் வைத்தவர்களுள் ஒருவர் அண்ணல் அம்பேத்கர். வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக, 1943 அக்டோபரில் மின்சாரக் கொள்கைக் குழுவுக்குத் தலைமையேற்றபோது, மின்சாரம் அரசுடைமையா தனியுடைமையா, பொறுப்பு மைய அரசுடையதா மாகாணங்களுடையதா என்று வினவினார். வறுமையிலிருந்து வெளியேறும் வழியாகவே மின்சாரத்தைப் பார்த்தார். அவர் வழிவந்த நாம் இதைப் பொறியாளர்களின் துறை என்று விட்டுவிடுவதற்கில்லை.

அமெரிக்காவில் 13 மாநிலங்களையும் தலைநகர் வாஷிங்டனையும் இணைக்கும் பி.ஜே.எம். மின்சந்தையில் உறுப்பினர்கள் ஐந்து பிரிவுகளாக வாக்களிக்கின்றனர். இறுதி நுகர்வோர் அவற்றுள் ஒரு பிரிவு. பெரிய ஆலைகளும் அதில் உள்ளன என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் நுகர்வோர் வாக்கு இருந்தால் தொகுப்பு நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு அது விடை. நம் சட்டமே பிரிவு 80இன்கீழ் மத்திய ஆலோசனைக் குழுவில் தொழிலாளர், நுகர்வோர், தன்னார்வ அமைப்புகளுக்கு இடம் தருகிறது. அது ஆலோசனை சொல்ல மட்டுமே. சாதிவாரிப் பிரதிநிதித்துவமும் அதில் கட்டாயமில்லை.

இங்கே ஒரு சட்டநுட்பம் நமக்குச் சாதகமாக உள்ளது. பிரிவு 2(55)இன்படி மண்டல மின்சாரக் குழு ஒன்றிய அரசின் தீர்மானத்தால் அமைக்கப்படுவது. ஆகவே அதன் உறுப்பினர் அமைப்பை மாற்ற நாடாளுமன்றத்தில் சட்டத்திருத்தம் தேவையில்லை. தீர்மானத்தைத் திருத்தினால் போதும். ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஒரு நுகர்வோர் உறுப்பினர், அவர்களுள் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு உறுதியான இடங்கள், மின்வெட்டின் நேரத்தைக் குடியிருப்புவாரியாக வெளியிடும் கடமை: கோரிக்கை இவ்வளவே. ஒற்றை இருக்கை அலங்காரமாகிவிடும்.

அதுவரை செய்யக்கூடியவையும் உண்டு. குழுவின் கூட்டக் குறிப்புகள் அதன் இணையதளத்தில் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. அது பொது அதிகார அமைப்பு என்பதால் தகவல் உரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும். பிரிவு 94(3)இன்கீழ், நுகர்வோர் நலனைப் பிரதிநிதித்துவப்படுத்த எவரையும் ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்கலாம். தலித் அமைப்புகள் மத்திய ஆணையத்திலும் மாநில ஆணையத்திலும் இதற்கு மனு அளிக்கலாம். 2022ஆம் ஆண்டுக் கட்டண உயர்வுக்கான கருத்துக்கேட்பு கோவை, மதுரை, சென்னையில் நடந்தது. வள்ளியூருக்கு அருகில் இருந்தது மதுரை, ஏறத்தாழ 200 கி.மீ.; போய்வர ஒரு நாள் கூலி போகும். திருநெல்வேலியிலும் ஓர் அமர்வு நடத்தக் கோருவது முதல் மனுவாக இருக்கலாம்.